ஒற்றான்ரோக் கோட்டையில் அச்சமும் அறமும்

பேய்க்கதைகளைக் கற்றோர் பெரும்பாலும் இலக்கியத்தின் வாயிலிலேயே நிறுத்திவிடுவர். அவை பொழுதுபோக்கிற்கு உரியனவேயன்றி ஆராய்ச்சிக்கு உரியனவல்ல என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு முற்றும் பிழையென்று கூறுதற்கில்லை. அச்சமூட்டுதல் ஒன்றையே கருதி எழுதப்படும் கதை, அவ்வச்சம் நீங்கியவுடன் தானும் நீங்கிவிடும். முடிவு தெரிந்தபின் அதனை மீண்டும் எடுத்துப் படிப்பார் இலர். ஆயின், முடிவு தெரிந்தபின் படிக்குமிடத்தே முன்னிலும் ஆழமாகத் தோன்றும் பேய்க்கதை ஒன்று உளதாயின் அதனை எவ்வாறு மதிப்பது? ஆங்கிலத்தில் இவ்வகை நாவல்களுக்கெல்லாம் முன்னோடியாகிய ஹொறேஸ் வால்போலின் 'ஒற்றான்ரோக் கோட்டை' அத்தகையது என்பதும், அதன் உயிர் அதில் வரும் பேயுருக்களில் அன்றி, ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக மறைத்துவந்த குற்றத்திலேயே தங்கியுள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். அதே வேளை, அந்நாவலின் அறத்திலே ஒரு பெருங்குறையும் உண்டு. நூலை விரும்புதல் காரணமாக அதனை மறைத்தல் திறனாய்வாகாது.

வால்போல் (1717–1797) பிரித்தானியாவின் முதற் பிரதம மந்திரி எனப் போற்றப்படும் சேர் றொபேட் வால்போலின் இளைய மகன். பாராளுமன்ற உறுப்பினராய் இருந்தவர். பழம்பொருள்களைச் சேர்ப்பதில் பெருவிருப்பினர். நண்பர்க்கு எழுதிய கடிதங்களாற் புகழ்பெற்றவர். இலண்டனை அடுத்த ருவிக்கனாமில் 'ஸ்ரோபெறி ஹில்' என்னும் சிறு வீட்டினை 1747ஆம் ஆண்டிலே பெற்று, அதனைப் பல ஆண்டுகளாக இடைக்காலக் கோட்டைபோல மாற்றியமைத்தார். 1764ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவர் ஒரு கனாக் கண்டார். பழங்கோட்டை ஒன்றின் பெரும்படிக்கட்டில், மேலுள்ள கைபிடியின்மீது, கவசம் பூண்ட பேருருவமான கையொன்று தோன்றிற்று. அன்று மாலையே, என்ன எழுதப்போகிறோம் என்பதறியாமலே எழுதத் தொடங்கி, இரண்டு மாதத்துக்குள் நூலை முடித்தார் என்பதை அவரே நண்பர் வில்லியம் கோலுக்கு எழுதிய கடிதத்திற் கூறியுள்ளார். அவ்வாண்டு சித்திரை மாதத்திலே, அவர் பெரிதும் நேசித்த உறவினராகிய தளபதி கொன்வே, பாராளுமன்றத்தில் அரசாங்கத்துக்கு எதிராக வாக்களித்தமைக்காகப் பதவி பறிக்கப்பட்டார். அரசியலை மறந்திருத்தற்கு இக்கதை துணையாயிற்று என வால்போல் அக்கடிதத்திற் குறிப்பிடுவது நோக்கத்தக்கது. அதிகாரத்தில் இருப்போரின் நெறிகேட்டைக் கண்டு நொந்த ஒருவரே, முறையற்று ஆளும் ஒருவனின் கதையை எழுதினார்.

நூல் 1764ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே வெளிவந்தபோது ஆசிரியர் பெயர் அதில் இல்லை. வட இங்கிலாந்திலுள்ள பழைய கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் நூலகத்தில் இருந்து கிடைத்தது என்றும், 1529இல் நேப்பிள்ஸ் நகரில் அச்சிடப்பெற்ற இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்றும் முன்னுரை கூறிற்று. விமரிசகர் பலர் அதனை நம்பினர். 1765இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது வால்போல் உண்மையை வெளியிட்டு, நூலுக்குக் 'கொதிக் கதை' என்னும் துணைப்பெயரையும் சூட்டினார். முதற் பதிப்பைப் பாராட்டிய 'மந்திலி றிவியூ' என்னும் சஞ்சிகை, அறிவு வளர்ந்த காலத்து மனிதர் ஒருவர் இத்தகைய மூடக்கதையை எழுதலாமோ என இப்பொழுது குறைகூறிற்று. நூலிலே ஓர் எழுத்தும் பெரிதாக மாறவில்லை. எழுதியவரின் காலமே மாறிற்று. பழையதாயின் பொன், புதியதாயின் பித்தளை என்னும் இம்மனப்பான்மை அக்காலத்து இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று.

இனிக் கதையை நோக்குவோம். ஒற்றான்ரோவின் அரசனாகிய மன்பிறெட்டுக்கு மற்றில்டா என்னும் மகளும், கொன்றாட் என்னும் நோயுற்ற மகனும் உளர். மகளைத் தந்தை பொருட்படுத்துவதில்லை. மகனுக்கோ பதினைந்து வயதிலேயே விசென்சாப் பிரபுவின் மகள் இசபெல்லாவை மணம்முடிக்க விரைகின்றான். மகன் உடல்நலம் பெறட்டும் எனக் கூறுவார் சொல் ஏறவில்லை. உண்மையான உரிமையாளன் கோட்டையிற் குடியிருக்க இயலாத அளவுக்குப் பெருத்துவிடும்போது அக்கோட்டை அக்குடும்பத்தின் கைவிட்டு நீங்கும் என்றொரு பழைய வாக்கு அந்நாட்டில் வழங்குகின்றது. அதன் பொருள் எவர்க்கும் விளங்கவில்லை. மணநாளன்று, மனிதத் தலைக்குரியதிலும் நூறு மடங்கு பெரிய தலைச்சீரா ஒன்று முற்றத்தில் வீழ்ந்து மணமகனை நசுக்கிக் கொன்றுவிடுகின்றது. அது சென் நிக்கலஸ் கோயிலிலுள்ள அல்போன்சோ என்னும் முன்னாள் அரசனின் கருங்கற் சிலையின் தலைச்சீராவை ஒத்திருக்கிறது என ஓர் இளங் குடியானவன் கூறுகின்றான். அதைக் கேட்ட அளவிலே மன்பிறெட் மகன் இறந்த துயரையும் மறந்து அவ்விளைஞன்மீது பாய்கின்றான். பின்னர், மனைவி இப்போலிற்றாவை விலக்கிவிட்டு, மருமகளாக வரவிருந்த இசபெல்லாவைத் தானே மணக்க முற்படுகின்றான். அவளோ நிலவறை வழியாகத் தப்பிக் கோயிலிலே புகலடைகின்றாள்.

இவை யாவும் முதல் வாசிப்பில் வெறிபிடித்த ஒருவனின் செயல்களாகவே தோன்றும். இறுதியில் இரகசியம் வெளிப்படுகின்றது. மன்பிறெட்டின் பாட்டன் றிக்கார்டோ, அல்போன்சோவின் பணியாளனாய் இருந்தவன். சிலுவைப்போர்க்காகச் சென்ற தலைவனைப் புனித நாட்டிலே நஞ்சூட்டிக் கொன்று, தன்னை உரிமையாளனாகக் காட்டும் பொய் உயில் ஒன்றைப் படைத்து நாட்டைக் கைப்பற்றினான். குற்ற உணர்வு அவனைத் தொடர்ந்தது. கடலில் புயல் எழுந்தபோது, கோயிலும் மடங்களும் கட்டுவதாகச் சென் நிக்கலசுக்கு நேர்ந்துகொண்டான். அப்புனிதர் கனவில் தோன்றி, உரியவன் கோட்டைக்கு மேற்பட வளரும்வரையும், றிக்கார்டோவின் வழியில் ஆண்மகவு உள்ளவரையும் அவன் சந்ததி ஆளும் என வாக்களித்தார். மன்பிறெட் இதனை அறிவான்.

இதனை அறிந்தபின் மீண்டும் முதற் பக்கத்தைப் படிப்பின், முன்பு வெறியாகத் தோன்றியவை அனைத்தும் கணக்காகத் தோன்றும். ஆண்மகவு அற்றுப்போதல் ஆட்சி அற்றுப்போதலாதலின் நோயுற்ற சிறுவனுக்கு மணம் விரைவாயிற்று. இசபெல்லாவின் தந்தை பிரெடெறிக், அல்போன்சோவுக்கு நெருங்கிய இரத்த உறவு என உரிமை கோருபவன். ஆகவே அவளது பாதுகாவலருக்குக் கையூட்டுக் கொடுத்து அவளைப் பெற்றதும், மகன் இறந்தபின் தானே அவளை மணக்க முயன்றதும் பறித்த நிலத்துக்கு நல்லுறுதி தேடும் வழிகளாயின. மகளை அவன் வெறுத்ததும் அவள் ஆண்மகவு அன்மையாலேயே. அல்போன்சோவின் பெயரைக் கேட்டவுடன் எழுந்த சினம், சினமன்று, அச்சம். இரகசியத்தை இறுதிவரை மறைத்தும், அதனால் விளையும் செயல்களைத் தொடக்கத்திலேயே காட்டியும் வால்போல் அமைத்த இக்கதைப் பின்னல், பிற்கால மருமநாவல்கள் யாவற்றுக்கும் வித்தாயிற்று எனலாம்.

ஆயினும் இந்நாவலைப் படிக்கும் இக்கால மாணவர் பலர் தலைச்சீரா வீழும் இடத்தில் அஞ்சாது நகைப்பர். அவர் நகைப்புக்குக் காரணம் யாது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்த பாகுபாடு இவ்விடத்தே பெரிதும் உதவுகின்றது. அச்சத்தின் நிலைக்களங்கள் நான்கு என்பர் அவர்: தெய்வமும் பேயும் முதலாகிய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவர் என்பன அவை. ஒரு பொருளின் அளவிறந்த பெருமையோ அவர் கருத்தின்படி மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, நிலைக்களமாவது. வால்போல் காட்டும் தலைச்சீராவும், அறையொன்றை நிறைத்துக் கிடக்கும் கவசக் காலும், நூறு வீரர் சுமந்துவரும் வாளும் பெருமை ஒன்றனாலேயே சிறந்தவை. அவை வியப்பை விளைக்கும், வியப்புத் தளர்ந்தவுடன் நகைக்கு இடமாகும், அச்சத்தை விளைக்கமாட்டா. ஆசிரியர் அச்சத்தை நாடி மருட்கையை எழுப்பினார். இதுவே நூலின் கலைக்குறைகளுள் முதன்மையானது.

எனினும் உண்மையான அச்சம் இந்நாவலில் இல்லையென்று கூறுதல் தவறு. அது நான்காவது நிலைக்களமாகிய 'இறை'யிலிருந்து பிறக்கின்றது. கணவனும் தந்தையும் அரசனும் ஆகிய ஒருவனே கொடியவனாகும்போது அவ்வீட்டிலுள்ளார் எங்கே முறையிடுவர்? இசபெல்லா கையிலே விளக்கேந்தி நிலவறையினூடே ஓடும் காட்சியை நினைக. அங்கே பேயெதுவும் தோன்றவில்லை. காற்றில் கதவு அசைகின்றது, விளக்கு அணைகின்றது, இருளில் எவரோ நிற்பது தெரிகின்றது. நூல் முழுவதிலும் அச்சம் மிக்க பகுதி இதுவே. அவள் அஞ்சுவது இறந்தாரை அன்று. உயிரோடு பின்தொடர்ந்து வரும் மன்பிறெட்டையே. பாட்டனின் ஓவியம் பெருமூச்செறிந்து சட்டத்தினின்றும் இறங்கி நடக்கும் இடமும் சிறப்புடையது. அது மிகப் பெரிதன்று, மனித அளவினதே. பேரனின் நாணமற்ற செயலைக் காணப் பொறாது குற்றவாளியாகிய பாட்டனே துயருறுவது போல அது அமைந்துள்ளது. அளவு குறைந்த இடத்தில் ஆற்றல் மிக்கது என்பதற்கு இது சான்று.

அஞ்சுவாருள் பெரிதும் இரங்கத்தக்கவள் இப்போலிற்றா. தன்னை விலக்க முயலும் கணவனுக்கும் அவள் பணிகின்றாள். மணவிலக்குக்கும் இசைய முற்படுகின்றாள். இதனை ஆசிரியர் கற்பின் சிறப்பாகக் காட்ட எண்ணினார்போலும். ஆயின் கதையின் போக்கு வேறொன்றை உணர்த்துகின்றது. தாயின் அளவிறந்த பணிவு மகளைக் காக்கவில்லை. கொடுமைக்கு முன் காட்டும் பொறுமை எப்பொழுதும் அறமாகாது என்பதை ஆசிரியர் சொல்லாமலே நூல் சொல்லிவிடுகின்றது.

ஏவலரின் பேச்சைப்பற்றியும் ஒருவார்த்தை கூறல் வேண்டும். பேருருவத்தைக் கண்டு நடுங்கிய வேலைக்காரர் இருவர் செய்தியைச் சொல்ல மாட்டாது தடுமாறுவதும், பியாங்கா என்னும் தோழி வளவளவென்று பேசுவதும் அவலக் கதைக்குப் பொருந்தா எனப் பலர் குறைகூறினர். வால்போல் இரண்டாம் பதிப்பின் முன்னுரையிலே சேக்ஸ்பியரைத் துணைக்கழைத்து, அவலமும் நகையும் கலத்தலை மறுத்த வோல்ற்றேயரோடு வாதிடுகின்றார். வாதத்தில் வெற்றி அவருக்கே. மன்பிறெட் அறியத் துடிக்கும் செய்தியை ஏவலர் சுற்றிச்சுற்றிக் கூறுமிடத்தே, நாம் நகைக்கின்றோம், அவனோ வேகின்றான். ஆயின், சேக்ஸ்பியரின் எளிய மாந்தர் அரசர் அறியாத உண்மையையும் இடையிடையே பேசுவர். வால்போலின் ஏவலர் அச்சத்தை அன்றி வேறெதனையும் பேசார். கொள்கை பெரிது, நிறைவேற்றம் சிறிது.

இனி, நூலின் அறத்துக்கு வருவோம். தந்தையர் செய்த தீவினை மூன்றாம் நான்காம் தலைமுறைப் பிள்ளைகளைச் சாரும் என்பது இந்நாவலின் நீதி. முதற் பதிப்பின் முன்னுரையிலே, மொழிபெயர்ப்பாளன் வேடம் பூண்ட வால்போல், இதனினும் பயனுள்ள நீதியொன்றை ஆசிரியர் மேற்கொண்டிருக்கலாம் எனக் குறைப்படுகின்றார். அது நகைச்சுவையாகக் கூறப்பட்டதாயினும் அதனுள் உண்மையுண்டு. பாட்டன் நஞ்சிட்டான், அரசனாகவே வாழ்ந்து இறந்தான். பேரன் அறிந்தே அப்பொருளை வைத்திருந்தான். ஆட்சியை இழந்தாலும் உயிரோடு மடம் புகுந்தான். கொள்ளுப்பேரனும் கொள்ளுப்பேர்த்தியும் ஒன்றும் அறியார், அவ்விருவருமே இறந்தனர். குற்றம் குறையக் குறையத் தண்டனை ஏறுகின்றது. அதற்கு மேலும், கோயிலும் மடமும் கட்டிய கொலைகாரனுக்குப் புனிதரே தவணை கொடுக்கின்றார். அறக்கடவுளின் நீதிமன்றம் இவ்வாறு கையுறை பெற்றுத் தீர்ப்பை ஒத்திவைக்குமாயின், அக்கடவுளிடம் முறையிடுவது எங்ஙனம்?

நம் இலக்கிய மரபில் ஊறியவர்க்கு இவ்வினா மிகுதியாகத் தோன்றுதல் இயல்பு. சிலப்பதிகாரத்திலும் பழங்குற்றம் ஒன்று பின்னர் வந்து ஊட்டுகின்றது. ஆனால் முற்பிறப்பிலே பரதனாய்ப் பிறந்து சங்கமன் என்னும் வணிகனை வஞ்சித்துக் கொல்வித்தவன் கோவலனே. வினை செய்த உயிரும் பயன் நுகரும் உயிரும் ஒன்று. ஒற்றான்ரோவிலோ செய்தவன் ஒருவன். நுகர்பவர் வேறு சிலர். ஆயினும் நம் மொழியும் இவ்வுண்மையை அறியாததன்று. 'எச்சம்' என்னும் சொல் மீந்திருப்பதையும் குறிக்கும், மக்களையும் குறிக்கும். பெற்றோர் விட்டுச்செல்வது பொருள் மாத்திரமன்று. நிலத்தைப் பெறுவோர் அந்நிலத்தின்மேலுள்ள கடனையும் பெறுகின்றனர். அறநூல் அதனை நீதியென ஏற்காதுவிடினும், உலகியல் அவ்வாறே நடக்கின்றது. பறித்த காணியிலே வளர்ந்த பிள்ளைகள் எவ்வகையிலும் குற்றமற்றவராயினும், அப்பறிப்பை மறைக்கும் பொய்களுக்கு நடுவிலேயே வளர்கின்றனர். அப்பொய்களே அவர்களை அழிக்கின்றன.

இந்நோக்கில் மற்றில்டாவின் இறப்பே நூலின் உச்சமாகின்றது. கோயிலிலே அல்போன்சோவின் சமாதியருகே தியோடோர் ஒரு பெண்ணோடு உரையாடுகின்றான் எனக் கேள்வியுற்ற மன்பிறெட், அவள் இசபெல்லா எனக் கருதி இருளிலே குத்துகின்றான். வீழ்பவள் தன் மகள். அங்கே பேருருவத்தின் கை எதுவும் செயற்படவில்லை. கொன்றது மனிதக் கை. கொல்லும்படி ஏவியது எவ்வாறாயினும் ஆட்சியைக் காப்பேன் என்னும் பிடிவாதம். பாட்டன் செய்த கொலை பழையது. அதனை மறைப்பதற்காகப் பேரன் செய்த கொலையே புதியது. ஆகவே முன்னோர் பழி தானாகவே பிள்ளைகளைச் சார்வதில்லை, மறைப்பவன் கைவழியாகவே சார்கின்றது என்னும் ஆழ்ந்த நீதியொன்று, ஆசிரியர் கூறிய நீதிக்கு அடியிலே கிடக்கின்றது. மகனைக் கொன்ற தலைச்சீராவை விதியென்று கூறலாம். மகளைக் கொன்ற குறுவாளை அவ்வாறு கூறமுடியாது. மற்றில்டா தந்தையை மன்னித்து இறக்கின்றாள். தொல்காப்பியர் கூறும் 'இழவு' பற்றிய அழுகை இவ்விடத்தில் முழுமையாகப் பிறக்கின்றது. இதன்பின் கோட்டைச் சுவர்கள் இடிந்து வீழ்ந்து, அவற்றின் நடுவே அல்போன்சோவின் பேருருவம் எழுந்து தியோடோரே உரியவன் எனச் சாற்றும் காட்சி, எத்துணைப் பெரிதாயினும், அச்சாவின் முன் சிறிதாகவே தோன்றுகின்றது. இடிந்த கோட்டையே தியோடோருக்குக் கிடைக்கின்றது. அவன் இசபெல்லாவை மணப்பதும் மற்றில்டாவை நினைந்து ஒருங்கே துயருறுவதற்காகவே என ஆசிரியர் முடித்தமை, இன்ப முடிவை விரும்பும் வாசகருக்கு விட்டுக்கொடாத நேர்மையாகும்.

குறைகள் மேலும் உள. தியோடோர் வீரமும் ஒழுக்கமும் உடையவன் என்பதற்குமேல் வேறு தன்மை இல்லாதவன். துறவி ஜெரோம் அவனுடைய தந்தை என்பது தோளிலுள்ள மச்சத்தால் தெரிவதும், அல்போன்சோவின் இரகசிய மணத்தைப்பற்றிய செய்தி கடைசிப் பக்கங்களில் விரைந்து கூறப்படுவதும் கதைப் பின்னலின் தளர்ச்சிகள். ஸ்ரோபெறி ஹில் மாளிகையின் கூடத்தில், கல்லாலான வளைவுபோலக் காணும் விதானம் உண்மையிலே காகிதக் கூழால் ஆக்கப்பட்டது. அம்மாளிகை புதுப்பிக்கப்பெற்று 2010இல் மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவ்விதானத்தை இன்றும் காணலாம். நாவலின் சில பகுதிகளும் அத்தகையனவே: தொலைவிற் கல்; தொட்டாற் காகிதம்.

வால்போலின் பின்வந்தோர் இக்குறைகளை உணர்ந்தே எழுதினர். 'பழைய ஆங்கிலப் பிரபு' என்னும் நாவலை எழுதிய கிளாறா றீவ், பேயுருக்களை நம்பத்தக்க அளவுக்குச் சுருக்கவேண்டும் என 1778ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையிலே வாதிட்டார். ஆன் றட்கிளிவ் தமது 'உடோல்போவின் மருமங்கள்' (1794) என்னும் நாவலில் அச்சத்தை வளர்த்து, இறுதியில் ஒவ்வொன்றுக்கும் இயற்கையான காரணம் கூறினார். முன்னோர் பழி என்னும் கருவை மிக ஆழமாகக் கையாண்டவர் அமெரிக்கராகிய நதானியல் ஹோதோண். அவரது 'ஏழு முகட்டு வீடு' (1851) என்னும் நாவலிலும், பொய்க்குற்றம் சாட்டித் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் நிலத்திலே எழுந்த வீடும், அவன் இட்ட சாபமும், சந்ததியைத் தொடரும் கேடும் உண்டு. சேலம் நகரில் 1692இல் சூனியக் குற்றம் சாட்டப்பட்டோரை விசாரித்த நீதிவான்களுள் ஹோதோணின் மூதாதையும் ஒருவர் என்பதை எண்ணின், அந்நாவல் தம் குடும்பத்தின் கணக்கைத் தாமே தீர்க்க முயன்ற ஒருவரின் படைப்பு எனத் தெளியலாம். அங்கே விண்ணிலிருந்து தலைச்சீரா விழுவதில்லை. பேராசையே தலைமுறைதோறும் மீண்டும் பிறக்கின்றது. ஆயினும் அவ்வீட்டுக்கு அடித்தளம் இட்டவர் வால்போலே என்பதை மறுத்தல் இயலாது.

ஆகவே 'ஒற்றான்ரோக் கோட்டை'யை நிறைவான நாவல் என்று கூறமாட்டோம். வெறும் பேய்க்கதை என்று தள்ளவும் மாட்டோம். சட்டமும் சாட்சியும் வாய்மூடி நிற்குமிடத்தே இறந்தவரே சாட்சியாக எழுகின்றனர் என்பது இவ்வகைக் கதைகளின் உட்கிடை. கொலையுண்டவன் கோட்டைக்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்தான் என்பதன் பொருளும் அதுவே. மறைக்கப்பட்ட உண்மை கிடந்த இடத்திலேயே கிடப்பதில்லை; நாள்தோறும் வளர்ந்து, தன்னை மறைத்த சுவரைத் தானே இடித்துக்கொண்டு வெளிவருகின்றது. மன்பிறெட் அல்போன்சோவின் பெயரைக் கேட்ட முதல் நாளிலேயே வாய்திறந்து உண்மையை உரைத்திருப்பின், மகனை இழந்தவன் மகளையேனும் இழவாது காத்திருப்பான். பேய்களை நம்பாத வாசகரும் இதனை நம்பாதிருத்தல் அரிது.